ஒன்றுகூட உடையக் கூடாது

மகள் தஹ்மீனாவுக்கு ஃபாஜில் துபாயிலிருந்து அனுப்பிய கண்ணாடிக் கோப்பைகளைக் கமருன்னிஸா திருப்பி அனுப்பினாள். தஹ்மீனாவோடு நிச்சயித்த நிக்காஹை முறித்த அவன், நாகூரில் வேறொரு பெண்ணிடம் அதை மறைத்து அவளை மணந்திருந்தான்.

அறுபது கோப்பைகளையும் ரோஸ் தாளில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்கினாள்.

“குடவாசல் ரோடெல்லாம் பள்ளம். வேனை மெதுவா ஓட்டு, தம்பி. ஒண்ணுகூட உடையக் கூடாது.”

“அந்தப் பயலுக்கா இவ்வளவு அக்கறை, லாத்தா? நானா இருந்தா நொறுக்கித்தான் அனுப்புவேன்,” என்றான் அவள் தம்பி ஜெக்கரியா.

“நொறுங்கினா அப்படியே குப்பையில கொட்டிடுவாங்க. முழுசா இருந்தாத்தான் புதுப்பொண்ணு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்ப்பா.”

மீந்த ரோஸ் தாள் ஒன்றைத் தம்பியிடம் நீட்டினாள்.

ஊருக்குக் கொடுக்காமலே நின்றுபோன நிக்காஹ் பத்திரிகை அது. மணமகன் ஃபாஜில், மணமகள் தஹ்மீனா.