கிரேனுக்கு ஆள் ரெடி

"வேலு, உன் கிரேன் இனிமே எனக்குத்தான்லா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேலுவுக்காக வாங்கி வைத்திருந்த ஆரஞ்சை உரித்துத் தின்றபடியே சொன்னான் லெட்சுமணன். இருவருக்கும் பாசிர் கூடாங் துறைமுகத்தில்தான் வேலை. வேலு கிரேன், லெட்சுமணன் ஃபோர்க்லிஃப்ட்.

வேலுவுக்கு முகம் செத்துப்போனது. நிமோனியாவில் விழுந்து, வாரக்கணக்கில் தொண்டையில் குழாயோடு கிடந்து, இப்போதுதான் தம்போயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். இத்தனை நாள் மெஷினே மூச்சு விட்டதில், மூச்சை இழுக்கும் தசைகள் தளர்ந்து போயிருந்தன. டாக்டர் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து, குழாயில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்.

முதல் பந்து லேசாக அசைந்ததோடு சரி. வெறுத்துப்போய் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தான் வேலு.

"கிரேனுக்கு அவ்ளோ உயரம் ஏணி ஏற மூச்சு வேணும்டா. உனக்கு எங்க? பேசாம படு" என்று எழுந்தான் லெட்சுமணன்.

அவன் போனதும் வேலுவின் மனைவி பேச்சியம்மாள் பொரிந்தாள். "சீக்காளிகிட்ட பேசுற பேச்சா இது? இனி வரட்டும், கேட்டுலயே நிறுத்துறேன்."

"வரட்டும், விடு." வேலுவுக்கு இரைத்தது. "அத எடு."

"எத?"

"கட்டிலுக்கு அடியில கெடக்கு பாரு."

லெட்சுமணன் விடவில்லை. ஷிப்ட் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான். ஒருநாள், "உன் சீட்டுக்குப் புது குஷன் சொல்லியிருக்கேன்" என்பான். இன்னொரு நாள், "மேல மாட்டியிருந்த உன் முருகன் படத்த என்ன பண்ண?" என்று கேட்பான்.

அவன் தலை மறைந்ததும் வேலு கருவியை வாயில் வைப்பான். முருகன் படத்தை நினைத்தான். இரண்டாவது பந்து ஏறியது. குஷனை நினைத்து நினைத்து இழுத்ததில் ஒருநாள் மூன்றாவதும் ஏறியது.

கம்பெனி டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றதும், வேலு நேரே சூப்பர்வைசர் கனகராஜிடம் போய் நின்றான்.

"அண்ணே, என் கிரேன லெட்சுமணனுக்குக் குடுத்தது நியாயமில்ல. நான் ஏறிக் காட்டுறேன், பாருங்க."

கனகராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாருக்கு, லெட்சுமணனுக்கா? நீ இங்க சேர்றதுக்கு முன்னால ஒருக்கா ஏறுனான். பாதி ஏணியில கம்பியக் கட்டிப்பிடிச்சு அழுதவன, நாலு பேர் போய் இறக்குனோம். இன்னிக்கும் அவன் வீட்டுல பல்பு மாத்துறது அவன் பொண்டாட்டிதான்."