பார்த்துக்கொள்கிறவள்

தன் முகத்துக்குப் பவுடர் போடாமல் அந்த அதிகாரியை அறைக்குள் விடக்கூடாது என்று புஷ்பலதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நவமணி பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள்.

வெல்ஃபேர் ஆபீசிலிருந்து ஆள் வருகிறது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதாமாதம் தருகிற உதவித்தொகைக்கு நவமணி மனுப் போட்டிருந்தாள். இன்று நேரில் பார்த்த பிறகுதான் முடிவு.

கிடைத்தால் புஷ்பலதா சுங்கை சிப்புட்டில் இந்த வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் நவமணி ஈப்போவில் பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைக்குத் திரும்ப வேண்டும். புஷ்பலதா காப்பகத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு பேருக்கும் இது தெரியும். நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் இதை மட்டும் பேசுவதில்லை.

எதிர்வீட்டு அர்ச்சுனன் காலையிலேயே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"குளிப்பாட்டாதீங்கக்கா. தலைய கலைச்சு விடுங்க. எங்க மாமியாருக்குப் பட்டு கட்டி, பூ வெச்சு, தலாணி முட்டு குடுத்து உக்கார வெச்சோம். ஆபீசர் வராரேன்னு ஒரு மரியாதைதான். வந்தவரு பாத்ததத்தானே எழுதுவாரு லா. 'உட்காருகிறார்'னு எழுதிட்டுப் போயிட்டாரு. காசு கெடைக்கல."

நவமணி அதைச் சொன்னதும் புஷ்பலதா தலையணையிலிருந்து முறைத்தாள்.

"நான் படுத்துத்தான கெடக்கேன். செத்தா போயிட்டேன்? வெளியாளு வர்றப்போ பேய் மாதிரியா கெடப்பேன்?"

"பவுடர் போட்டா மட்டும் பேய் போயிருமா?"

ஆனாலும் போட்டாள். கழுத்து மடிப்புக்குள்ளும் விரலை விட்டுத் தடவினாள். தேய்த்து வைத்த நீலச் சட்டையை மாட்டினாள். தலையை வாரி, காதில் தோட்டைத் திருகினாள். ஒருத்தியை அசிங்கமாகக் கிடத்தி வைத்து வாங்குகிற காசு தனக்கு வேண்டாம் என்று தோன்றியது. தோன்றிய பிறகு, இத்தனை நாளாய் இருந்த பயத்தைக் காணவில்லை. மூன்று வருடமாக இந்த உடம்பைப் புரட்டிப் புரட்டிப் பழகியவளுக்குக் கேள்வி கேட்க வருகிறவரிடம் என்ன பயம்?

அதிகாரி சின்ன வயதுப் பெண். தினேஸ்வரி என்று பெயர் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து புஷ்பலதாவைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி நல்லா தெம்பாத்தான் இருக்காங்க."

புஷ்பலதா பெருமையாகச் சிரித்தாள். நவமணிக்கு அவள் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

"இவ கையத் தூக்குங்கம்மா. தூக்கிட்டு விடுங்க," என்றாள் நவமணி.

தினேஸ்வரி தயங்கித் தூக்கினாள். விட்டாள். கை மெத்தையில் விழுந்தது. விழுந்தபடியே கிடந்தது.

"பவுடரெல்லாம் மூஞ்சிக்குத்தான். லோரி மோதுனதுலேர்ந்து கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஊட்டறது, கழுவறது, புரட்டறது எல்லாம் நான்தான்."

தினேஸ்வரி எழுதத் தொடங்கினாள். முதுகைப் பார்க்க வேண்டும் என்றாள். நவமணி ஒரே புரட்டில் காட்டினாள். படுக்கைப் புண் இல்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருவருடைய அடையாள அட்டைகளையும் மடியில் அடுத்தடுத்து வைத்தாள்.

பேனா நின்றது.

"அக்கா தங்கச்சின்னு நெனச்சேன். இவங்க சன்னாசி மகள். நீங்க பத்துமலை மகள். நீங்க இவங்களுக்கு யாருன்னு தெரியாம நான் எழுத முடியாது, ஆன்ட்டி. என்ன ஒறவுன்னு போடறது?"

அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லோரும் தங்கச்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். நவமணி ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

புஷ்பலதா கூரையைப் பார்த்தாள்.

நவமணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இருபது வருடங்களுக்கு மேலாக அவள் வாயில் வராத சொல். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, வேறு யாரும் எட்டிப் பார்க்காததால் தானே போய் நின்றபோதும், இவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோதும் அதைச் சொல்லாமலே சமாளித்திருந்தாள். சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"என் வீட்டுக்காரரோட ரெண்டாவது சம்சாரம்," என்றாள். குரல் பிசகவில்லை. "நான் மூத்தவ. அவரு போய்ச் சேந்துட்டாரு. எழுதிக்குங்க."

தினேஸ்வரி நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். எழுதி முடித்து, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போதும் ஆன்ட்டி. நான் சிபாரிசு பண்ணி அனுப்பறேன்."

கார் தெருமுனை தாண்டும் வரை வாசலில் நின்றுவிட்டு நவமணி உள்ளே வந்தாள். புஷ்பலதா இன்னும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள். "நான் யாருன்னு இன்னொரு தடவ சொல்லு."