மகன்னுதானே சொன்ன?

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, ஒப்தூலியா? பேர் சொல்லாத எவனோ போன் பண்ணினானாம். இவ உடனே கம்பியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாளாம்!"

வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே செலா கத்தினாள்.

ஒப்தூலியா சோள ரொட்டியில் அவரையை வைத்துச் சுருட்டித் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னதான் சொன்னான்?"

"பழைய செங்கல் சூளைக்குப் பின்னால, ரெண்டாப் பிரியற கருவேல மரத்தடியில உங்க மகன் ரமிரோ கிடக்கான்மான்னான். கழுத்துல புனித யூதா ததேயு பதக்கம் இருக்கும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்கங்கன்னான்."

"அடி பைத்தியமே! அந்தப் பதக்கம் இந்த ஊர்ல எவனுக்குத் தெரியாது?" செலா அவள் நெஞ்சைச் சுட்டிக் காட்டினாள்.

ஒப்தூலியாவின் வெள்ளைச் சட்டையில் ரமிரோவின் படம். காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்மார் எல்லோரும் இப்படித்தான் படம் போட்ட சட்டை உடுத்துகிறார்கள். ரமிரோ சிரித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் அந்தப் பதக்கம்.

"இதே படத்தைத்தானே தெருவுக்குத் தெரு ஒட்டியிருக்கோம்? தெருவுல போற குடிகாரன்கூடப் பார்த்துட்டுச் சொல்லுவான்."

"அழுதுகிட்டே சொன்னான், செலா."

"ஆமா, இந்த மெக்சிகோவுல அழுதுகிட்டே பொய் சொல்றவனுக்குத்தான் பஞ்சம்! லுபீத்தாவையும் இப்படித்தானே வரச் சொன்னாங்க? மகனைத் தேடிப் போனவளைச் சுட்டுப் போட்டாங்க. மறந்துட்டியா?"

"மறக்கல. நீ வர வேணாம். உனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"கம்பியும் மண்வெட்டியுமா பஸ்ஸுல ஏறு. டிரைவர் மாலை போட்டு வரவேற்பான்!"

முணுமுணுத்தபடியே செலா வண்டியைக் கிளப்பினாள். வழி நெடுகத் திட்டுதான்.

"போனை எடுத்ததும் நீ யாருடா, எவன்டான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்டியே. 'சொல்லு மகனே'ன்னிருப்ப. கொன்னவனா இருந்தாலும் உனக்கு மகன்தான்!"

"யார் கொன்னாங்கன்னு நாம கேக்குறதில்லையே. பிள்ளை எங்கேன்னு மட்டும்தானே கேக்குறோம்."

அப்படித்தான் அந்தத் தாய்மார் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் எவனாவது போன் செய்யவே துணிகிறான்.

சூளைப் பக்கம் ஒரு நாய்கூட இல்லை. அதுவே பயமாக இருந்தது. செலா வண்டியைச் சாலையைப் பார்த்துத் திருப்பி, என்ஜினை அணைக்காமல் விட்டாள். இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மரத்தடியில் நீளக் கம்பியை அடித்து இறக்கினார்கள். உருவி எடுத்து, பிண வாடை ஏறியிருக்கிறதா என்று அதன் நுனியை மோந்து பார்த்தார்கள். வெறும் மண் வாசனை. கொஞ்சம் தள்ளி அடித்தார்கள். அங்கேயும் மண்தான்.

"போதும், வா போகலாம். எவனாவது வந்துடப் போறான்."

"இந்த ஒரு இடம் மட்டும், செலா."

இந்த முறை ஒப்தூலியா நுனியை மோந்துவிட்டுக் கண்ணை மூடினாள். கம்பியை நீட்டினாள். செலாவும் மோந்தாள்.

அதற்குப் பிறகு செலா திட்டவில்லை.

அதிகம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. முதலில் நீலச் சட்டை தெரிந்தது. பிறகு முகம் இருந்த இடம். முன்பல் இரண்டுக்கும் நடுவே பெரிய சந்து. கழுத்தில் பதக்கம் இல்லை.

"நம்ம ரமிரோ இல்லடி," என்றாள் செலா மெல்ல.

ஒப்தூலியா தலையை மட்டும் ஆட்டினாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பேர் தெரியாத பிள்ளைக்காக முழங்காலில் நின்று ஜெபம் சொன்னாள்.

தகவல் சொன்னதும் அதிகாரிகள் வந்து மஞ்சள் நாடா கட்டினார்கள். இரண்டு பேரும் வண்டியில் போய் உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஒப்தூலியா அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா... கிடைச்சானா?"

"கிடைச்சான், மகனே. முன்பல்லுல சந்து இருக்கு. யாருப்பா அது?"

அந்தப் பக்கம் தேம்பல்தான் கேட்டது.

"என் தம்பிம்மா. எப்ரேன். நான் வந்து தோண்டினா என்னையும் அதே குழியில போட்டுடுவாங்க. வேற யாரோன்னு சொன்னா வருவீங்களோ மாட்டீங்களோன்னு, உங்க மகன்னு பொய் சொல்லிட்டேன். பதக்கத்தைப் போஸ்டர்ல பார்த்தேன். என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"நீ என்னப்பா பொய் சொன்ன? மகன் கிடக்கான்னுதானே சொன்ன? மகன்தான் கிடந்தான். உங்க அம்மாகிட்ட சொல்லு, எப்ரேனுக்கு ஜெபம் சொல்லித்தான் எடுத்தோம்னு."

அவன் போனை வைத்துவிட்டான்.

செலா ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தாள். "பார்த்தியா! நான் அப்பவே சொன்னேனே! பெத்த வயித்தை வச்சு விளையாடியிருக்கான். நீயும் பச்சப்புள்ள மாதிரி நம்பி ஓடி வந்த!"

ஒப்தூலியா சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு ஒரு கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தாள். அதன் நுனியில், தேய்ந்துபோன புனித யூதா ததேயு.

"ரமிரோ போன அன்னிக்குக் காலையில கயிறு அறுந்துபோச்சு. வேற கயிறு கோத்து வைம்மா, வந்து போட்டுக்கிறேன்னு கழட்டிக் கொடுத்துட்டுப் போனான்."

செலா பதக்கத்தைப் பார்த்தாள். சட்டையில் சிரிக்கிறவனைப் பார்த்தாள்.

"அப்போ... அவன் சொன்னது பொய்னு தெரிஞ்சேவா வந்த?"

"பதக்கம் பொய்னு அப்பவே தெரியும், செலா. அந்த அழுகையை நம்பித்தான் வந்தேன்."