அடுப்பை அணை

"இதுவும் வேண்டாம் தம்பி" என்று அந்த அக்கா அட்டையை மேசைமேல் வைத்தபோது, டிசைனருக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டே இரண்டு சொல். ‘அடுப்பை அணை.’

அதற்காக ஒரு வாரமாக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

பெரிதாக்கினான். தடிமனாக்கினான். சிவப்பாக்கினான். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியை மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்தான். ‘ப்’ மேலிருந்த புள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒவ்வொன்றையும் வீட்டுக்கு எடுத்துப்போவார். மறுநாள் அப்படியே திரும்பக் கொண்டுவருவார். என்ன குறை என்று கேட்டால், படிக்க வரவில்லை என்பார். அவரே அதைக் கடகடவென்று படித்துக்காட்டிவிட்டு.

ஏதோ ஓட்டல் சமையலறைக்கு என்று நினைத்திருந்தான். அங்கே எப்படிப்பட்ட ஆட்களை வைத்து வேலை வாங்குகிறார்களோ.

பொறுமை போய்விட்டது. எழுத்துருவுக்குள் ஒளிந்திருக்கும் மாற்று வடிவங்களைத் திறந்தான். யாரும் அவற்றைத் தொடுவதில்லை. எது வேண்டுமோ நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் காட்டினான்.

ஒரு சொடுக்கில் ‘ணை’ மாறியது. முன்னால் நின்ற கொம்பு மறைந்து, எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு ஏறி உட்கார்ந்தது.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான். இதையே போடுங்க."

அரதப்பழசு, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாயிற்று, இப்போது ஒருத்தருக்கும் புரியாது என்று அவன் மன்றாடிப் பார்த்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அச்சான சூடு ஆறுமுன் அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் வந்து நின்றார். இன்னும் என்ன என்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

வீட்டில் அக்காவின் அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்களாம். தானே போய் அடுப்பை அணைத்தார்களாம். போன மாதம் திரைச்சீலை பற்றி எரிந்த பிறகு இதுதான் முதல் தடவையாம். மறதி நோய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டதில், சின்ன வயதில் படித்த எழுத்து மட்டும்தான் அவர்களுக்கு மிச்சமாம்.

டிசைனர் நிமிர்ந்து பார்த்தான்.

"என் பேர்லயும் ஒரு ‘லை’ வருது தம்பி" என்றார். "அதையும் பழைய எழுத்துல போட்டுக் குடுங்க. சின்னதா, சட்டையில குத்திக்கிற மாதிரி."