சிவப்புப் பொத்தான்

ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரம் மறுபடி ஓடுகிறது. அதன் பக்கவாட்டில் புதிதாகப் பொருத்திய சிவப்புப் பொத்தான், ஜன்னல் வெயில் பட்டு மிட்டாய்போல மினுங்குகிறது. வருஷக்கணக்கில் முதலாளிகளிடம் கேட்டுக் கேட்டு மேலாளர் அலுத்துப்போன பொத்தான் அது. போன மாதம் இந்த இயந்திரம் ஓர் ஆளை உள்ளே இழுத்துக் கொன்றது. அதன்பிறகு அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. சூட்டோடு சூடாக மேலாளர் கம்பி வலை, கூடுதல் ஆள், ஓய்வு நேரம் என்று எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். ஓர் ஆள் செத்ததைக் காட்டி வாங்கினோம் என்பது அவரை உறுத்துகிறது. "இனிமே யாரு வேணா நிறுத்தலாம். ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். எங்க, யாராவது அமுக்கிப் பாருங்க," என்கிறார். யாரும் அசையவில்லை. இயந்திரத்தை நிறுத்தியவனைத் திட்டித் திட்டியே பழக்கிய இடம் இது. கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போகின்றன. மேஸ்திரி தரையைப் பார்க்கிறார். பொட்டலம் கட்டும் மேஜையிலிருந்து செத்தவனின் மனைவி எழுந்து வருகிறாள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றை விரலால் அமுக்குகிறாள். இரைச்சல் அறுந்து விழுகிறது. பாதி பிசைந்த மாவு தொட்டிக்குள் மெல்ல அமிழ்கிறது. விரலை எடுக்காமலே அவள் மேலாளரைத் திரும்பிப் பார்க்கிறாள். "இவ்வளவு சீக்கிரம் நின்னுடுமா சார்?"