பார்க்க மட்டும்

நூற்பாலையில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியைத் திறந்து, எலக்ட்ரீஷியன் தேவசகாயம் புதிய நெட்வொர்க் கார்டை அழுத்திப் பொருத்தினார். அன்னக்கொடி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மோட்டார் நிற்கும்போதெல்லாம் பெல்ட்டில் சிக்கிய பஞ்சைப் பிடுங்கி எடுப்பது அவள் வேலை.

"எதுக்குண்ணே இது?"

"இனிமே ஆபீஸ்ல இருந்தே மோட்டாரைப் பார்த்துக்கலாம்மா."

"பார்க்க மட்டுந்தானா? அங்கேருந்தே ஓட்டவும் முடியுமா?"

"பார்க்க மட்டுந்தான்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"அப்ப இன்னைக்கு ஒருவாட்டி நீங்க பஞ்சை எடுங்கண்ணே."

அவர் சிரித்தார். அசையாமல் நின்ற பெல்ட்டை நோக்கிக் கையை நீட்டினார். தொடப்போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, செல்போனை எடுத்தார்.

"ஆபீஸா? கொஞ்ச நேரம் அங்க யாரும் எதையும் தொட்டுடாதீங்க."