மாடி எது, வீடு எது?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கேக் பெட்டியும் கையுமாக நின்ற டாரியஸ், போனை ஸ்பீக்கரில் போட்டுப் புலம்பினான்.

“ஜெனிவீவ், அங்கிள் வீட்டு நம்பருக்குப் பதிலா கணக்கு அனுப்பியிருக்கார்லா!”

ஜெனிவீவின் அப்பா சூசைநாதன் கணக்கு ஆசிரியர். பெண் கேட்டு முதன்முதலாக வருகிறவனுக்கு அவர் அனுப்பியிருந்த செய்தி இதுதான்: ‘(3, 4) என்ற திசையில் 10 நீளமுள்ள வெக்டர் எது? முதல் எண் மாடி, அடுத்தது வீடு.’

“பத்தால பெருக்கினேன், முப்பதாவது மாடி வருது. இந்த புளோக்குல பன்னிரண்டு மாடிதான் இருக்கு!”

மறுமுனையில் சிரிப்பு. “மூணு, நாலுக்கு ஏற்கெனவே அஞ்சு நீளம் இருக்கு. முதல்ல அஞ்சால வகு. நீளம் ஒண்ணாயிடும், திசை மாறாது. அப்புறம் பத்தால பெருக்கு.”

“ஆறு, எட்டு! விடையை நேரா சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிப் போட்டேன்னு அவர் கேட்டா என்ன பண்ணுவ?”

ஆறாவது மாடி, எட்டாவது வீடு. மணியடித்தான். கதவைத் திறந்த சூசைநாதன் வழிவிடாமல் நின்றார்.

“விடை சரி, தம்பி. எப்படிப் போட்டீங்க?”

டாரியஸ் சொல்லத் தொடங்கினான். “பத்தால பெருக்கி...”

“முதல்ல அஞ்சால வகுக்கணும்லா!”

அணைக்க மறந்த போனிலிருந்தும், சூசைநாதனுக்குப் பின்னாலிருந்த சமையலறையிலிருந்தும் ஒரே குரல் ஒரே நேரத்தில் கேட்டது.

சூசைநாதன் கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்.

“ஜெனிவீவ், கணக்கு சொல்லிக்கொடுத்தது போதும். மாப்பிள்ளைக்குக் காப்பி போடும்மா!”